கொட்டாஞ்சேனையின் கோபக்கார எழுத்து

கொட்டாஞ்சேனையில் அந்த லேனுக்குள் பன்னிரண்டு வீடுகள். பதினொரு வீட்டில் சண்டை வந்தால் கேட்கலாம். நேசத்தின் வீட்டில் சண்டை வந்தால் வாசிக்கலாம்.

வீடு என்று பெரிதாகச் சொல்லக் கூடாது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். முன்னறையில் அண்ணன் சவுந்தரநாயகம். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி, இரண்டு காதையும் கப்பல்களுக்கே விட்டுவிட்டு வந்த மனிதர். பின்னறையில் தங்கை நேசம். ஆமர் வீதிப் பக்கம் பலீலின் அச்சகத்தில் தலைப்பு எழுத்து வரைகிற வேலை. இரண்டு பேரும் கல்யாணம் கட்டவில்லை. சண்டை பிடிக்கவே நேரம் போதாமல் இருந்தது, பிறகு எங்கே.

சண்டை தொடங்கியது கல்லறையில். அம்மா எண்பத்தைந்தாம் ஆண்டு செத்தாள். மாதம்பிட்டியில் அடக்கம். ஒரு வருடம் கழித்து ஆண்டுப் பூசைக்குப் போனபோது அண்ணன் கல் நட்டு வைத்திருந்தார். கல்லில் அம்மாவின் பெயர் முழுக்க வாலும் கொடியுமாய், ஓர் இடத்தில் மயிர் போல மெலிந்து, மற்ற இடத்தில் பூசணி போல வீங்கி, மேலே இரண்டு புறா வேறு. நேசம் அன்றைக்கே எழுத்து வரைகிறவள். பார்த்தாள். சுவாமியார், சொந்தக்காரர், மெழுகுதிரி விற்கிற பெண் எல்லாரும் கேட்க வாயைத் திறந்தாள்.

"இதென்ன, அம்மாவின்ட கல்லறையோ, கேக் பெட்டியோ?"

சவுந்தரநாயகத்துக்கு அப்போது ஒரு காது பாதி கேட்கும். அந்தப் பாதிக்கு இது முழுசாகக் கேட்டது.

"இனி உன்ர வாயால எனக்கு ஒரு சொல்லும் வேண்டாம்" என்றார்.

நேசம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் மட்டுமல்ல, பிறர் சொன்ன சொல்லையும் விடாமல் காப்பாற்றுகிறவள். அன்று முதல் வாயால் ஒன்றும் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

முதல் அறிவித்தல் கலண்டர் தாளின் பின்பக்கத்தில், முற்றத்துக் கதவில் ஒட்டப்பட்டது: தண்ணீர்க் குழாயை மூடு. அண்ணன் மூடவில்லை. நீலப் பென்சிலால் கீழே ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்: தெரியவில்லை. அவருக்குத் தூரத்துப் பார்வை கொஞ்சம் மங்கல், அது உண்மைதான். ஆனால் பென்சிலால் எழுதுகிற தூரத்தில் நின்றுகொண்டு தெரியவில்லை என்று எழுதுகிறவனை என்ன செய்வது? நேசம் இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள். தெரியவில்லை. கோட்டைத் தடிப்பாக்கினாள். தெரியவில்லை, எழுத்தில் பூச்சி ஊருகிறது. அந்தப் 'பூச்சி' என்ற சொல்தான் அவளை உசுப்பியது.

அச்சகத்தில் அப்போது தமிழுக்கு இருந்த தலைப்பு எழுத்துகள் எல்லாம் கல்லறைக் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். கோடு ஓரிடத்தில் மெலியும், ஓரிடத்தில் கொழுக்கும், முடிகிற இடத்தில் சும்மா முடியாமல் ஒரு சுருட்டுச் சுருட்டிவிட்டு முடியும். நேசம் கட்டத்தாளை எடுத்தாள். எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் பிளேடால் வெட்டினது போல நேர். வால் இல்லை, கொடி இல்லை, மெலிவு இல்லை. அண்ணனுக்கு ஒளிய ஒரு மூலையும் விடாத எழுத்து.

சொல்லுவது சுகம். வரைந்தபோதுதான் தமிழ் எழுத்து அவளோடு சண்டைக்கு வந்தது. 'தண்ணீர்' என்ற சொல்லிலேயே மூன்று சுழி ணகரம் இரண்டு தரம். தடித்த கோட்டில் சுழிகள் அடைத்துக்கொண்டு, பாதையில் கிடக்கிற கருங்கற்கள் போல இருந்தன. உயரத்தைக் கூட்டினாள், சரி வரவில்லை. பிறகு எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தாள். வெளிக்கோட்டைத் தொடாமல் உள்ளே மட்டும் ஒரு நூல் அளவு சுரண்டி வெள்ளை விட்டாள். பார்க்கிறவனுக்குக் கோடு ஒரே தடிப்பு. அளந்து பார்க்கிறவனுக்குத்தான் களவு தெரியும். ழகரத்தின் கீழ்க்காலைப் பாதியில் வெட்டினாள். புள்ளியை அண்ணன் ஈ எச்சம் என்று எழுதியிருந்தார். அதைச் சதுரமாக்கி, தாயக்கட்டை அளவுக்குப் பெருப்பித்தாள்.

ஆறு வாரம் எடுத்தது. கதவில் ஒட்டிவிட்டு, யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அண்ணன் வந்தார். நின்றார். நீலப் பென்சிலை எடுத்தார். கன நேரம் யோசித்தார். பென்சிலைக் காதில் திரும்பச் செருகிவிட்டுக் குழாயை மூடினார்.

நேசம் அன்று இரண்டு கோப்பை தேநீர் குடித்தாள்.

பலீல் அதை அவளுடைய மேசையில் கண்டது தற்செயல். பலீல் நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்று நாள் முழுக்கக் கத்துகிறவர்.

"மிஸ், இது என்ன எழுத்து? கண்ணுல குத்துதே!"

"குத்தத்தான் கீறினது."

"யாருட கண்ணுல?"

"உங்களுக்குத் தேவையில்லை."

பலீல் தாளைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போய், ஒரு ஆளிடம் பிடிக்கச் சொல்லி, எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து பார்த்தார். பஸ் ஒன்று ஊடே போனது. பஸ் யன்னல்களுக்குள்ளாலும் எழுத்து தெரிந்தது. திரும்பி வரும்போது அவருடைய முகம் மாறியிருந்தது.

"மிஸ், மிச்ச எழுத்தையும் கீறுங்க. முழு நெடுங்கணக்கும். அல்லாஹ்வே, இது இந்த நேரம் வரைக்கும் எங்க ஈந்திச்சி?"

முதலில் புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றுக்கு மலிவு விற்பனை போஸ்டர். பிறகு வெள்ளவத்தை டியூஷன் வகுப்புகள். பௌதிகம், இரசாயனம், தூய கணிதம் எல்லாம் பிள்ளைகளை அடிக்க வருவது போல மதிலில் நின்றன. பிறகு மரண அறிவித்தல். கண்ணீர் அஞ்சலி என்று நேசத்தின் எழுத்தில் அடித்தபோது, செத்தவரே எழும்பி வந்து 'அழடா' என்று வெருட்டுவது போல இருந்தது. ஆனாலும் ஆட்கள் அதைத்தான் கேட்டார்கள். அந்தப் போர் வருடங்களில் அஞ்சலிகளும் அதிகம். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டப்படும் மதிலில் மெல்லிய எழுத்தில் செத்தவனை ஒருவரும் காண மாட்டார்கள். வாடிக்கையாளர்கள் எழுத்தின் பெயர் கேட்டு வருவார்கள், பெயர் இல்லை. "அந்தக் கோவக்கார எழுத்தில அடிச்சுத் தாங்கோ" என்பார்கள். பலீலின் ஓடர்ப் புத்தகத்திலும் அந்தப் பெயரே விழுந்தது.

ஒரு வாசகசாலைக்காரர் விழா மலர் முழுவதையும் அதில் அடிக்கக் கேட்டு வந்தபோது நேசம் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"நாலு வரிக்கு மேல இதில வாசிச்சா தலையிடிக்கும். இது கூப்பிடுற எழுத்து ஐயா, கதைக்கிற எழுத்து இல்லை. கதைக்கிறதுக்கு வேற எழுத்து இருக்கு, அதில அடியுங்கோ."

"நீங்கள் விக்கிறியளோ துரத்துறியளோ?"

"துரத்துறன்."

இதெல்லாம் கேட்க நல்லாயிருக்கும். வீட்டில் நடந்தது வேறு. கோயிலுக்குப் போகிற வழி, மீன் வாங்கப் போகிற வழி, சவரக்கடை மதில், பஸ் தரிப்பு, எங்கே பார்த்தாலும் தங்கை நின்றுகொண்டு அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். சாரி வாங்கு என்றாள். கணிதம் படி என்றாள். கண்ணீர் விடு என்றாள். கதவில் இருந்ததைத் தாங்கின மனிதருக்கு ஊரையே கதவாக்கினால் என்ன செய்வார்? சவுந்தரநாயகம் பழகிக்கொண்டார். அந்த எழுத்தின் கறுப்பு கண்ணின் ஓரத்தில் பட்டவுடனே தலையை மற்றப் பக்கம் திருப்புவார். அரிக்கேன் லாம்பைச் சுற்றிப் பறக்கிற வண்டைத் தட்டுவது போல, யோசனையே இல்லாமல். இடப்பக்க மதிலில் இருந்தால் வலப்பக்கம், வலப்பக்கம் இருந்தால் இடம். இரண்டு பக்கமும் இருந்தால் வானம். இப்படி நடந்து இரண்டு தரம் றோட்டோரக் கானுக்குள் விழுந்தார்.

"அவளின்ட கரிக்கட்டை" என்பார். அதற்கு மேல் அந்த எழுத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

தொண்ணூற்றேழில் லேன் முடிகிற சந்தியில் காவலரண் வந்தது. மணல் மூட்டை, முள்ளுக்கம்பி, தார் பீப்பா இரண்டு, ஒரு பலகை. பலகையில் சிங்களம் மேலே பெரிதாக. தமிழ் கீழே, விரல் தடிப்பில், பாதியை மணல் மூட்டை மறைத்தபடி. நடந்து வருகிற ஆள் றோட்டில் கீறின கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நிற்காமல் போகிற ஆளுக்கு என்ன நடக்கும் என்று பலகையில் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

சவுந்தரநாயகம் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர். முதல் நாள் நிற்காமல் போனார். "நவத்தன்ன! ஏய்!" என்று சிங்களத்தில் நிற்கச் சொல்லிக் கத்தியது லேன் முழுக்கக் கேட்டது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை. சந்தியில் இடியப்பம் அவித்து விற்கிற பிறிஜெற் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். இரண்டாம் நாளும் பிறிஜெற். மூன்றாம் நாள் பிறிஜெற்றுக்குக் காய்ச்சல். காவலரணின் கோப்ரல் தானே பாய்ந்து வந்து கொலரில் பிடித்தான். குருநாகல் பக்கத்துப் பெடியன், நல்ல காலம், அவனுடைய வீட்டிலும் ஒரு செவிட்டுச் சீயா, தாத்தா, இருந்தார்.

பிறிஜெற் அண்ணனின் காதுக்குள் கத்திப் பார்த்தாள். கையால் காட்டினாள்.

"எனக்குக் காது கேக்கும்" என்றார் சவுந்தரநாயகம், லேனே நடுங்கும் குரலில். "அவன் கூப்பிட்டா நிப்பன். அவன் கூப்பிடேல்லை!"

இதைத் தன்னுடைய அறைக்குள் இருந்து நேசம் கேட்டாள். செவிடு என்று ஒத்துக்கொள்வதைவிடத் துவக்குச் சூடு வாங்குவது மரியாதை என்று நினைக்கிற ஆள். அதே அம்மாவின் வயிற்றில் பிறந்தவளுக்கு அது விளங்காதா? கதவில் அறிவித்தல் ஒட்டலாம். ஆனால் பேச்சற்ற அந்தச் சண்டையிலும் ஒரு சட்டம் இருந்தது: கதவில் ஒட்டுவதெல்லாம் குழாய், விளக்கு, குப்பை. உயிர் பற்றி ஒட்டினால், அண்ணன் அதை அக்கறை என்று நினைத்துவிடுவான்.

அன்று பின்னேரம் அவள் நேரே காவலரணுக்குப் போனாள். துவக்குக்கு முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கோப்ரலைக் கிழித்தாள். உன்னுடைய பலகையை ஆர் வாசிப்பது, எறும்பா? மூட்டைக்குப் பின்னால் எழுதி வைத்துவிட்டு முன்னால் நிற்கிறவனைச் சுடுவாயா? கோப்ரல் முதலில் முறைத்தான், பிறகு சிரித்தான். "ஹரி, சரி அக்கே, நீங்களே எழுதிக் கொண்டு வாங்கோ" என்றான் அரைகுறைத் தமிழில்.

நேசம் மூன்று நாளில் கொண்டு வந்தாள். நான்கடிப் பலகை. வெள்ளையில் கறுப்பு. ஒரே சொல்: நில். தன் எழுத்தின் முழுப் பலத்தையும் அதில் இறக்கியிருந்தாள். கொக்கிக்கும் வளைவுக்கும் உள்ளே விட்ட வெள்ளை அளந்து விட்ட வெள்ளை. தூரத்தில் இருந்து பார்த்தாலும் உள்ளே அடைக்காது. லகரத்தின் மேல் புள்ளி ஒரு பாண் துண்டு அளவு. லேனின் தொங்கலில் இருந்து, கண்ணாடி இல்லாமல், மழையில் வாசிக்கலாம்.

லேனுக்கு இது பிடிக்கவில்லை.

"ஆமிக்காரன் எங்களைப் பாத்து நில் எண்டு சொல்ல, எங்கட ஆளே எழுதிக் குடுக்கிறாள்" என்றார்கள். "நிற்கவும் எண்டு எழுதினா கை முறிஞ்சிடுமோ?" என்றார்கள். ஒருத்தி நேசத்தின் வாசலில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினாள். சொல் சின்னதாக இருந்தால்தான் எழுத்து பெரிதாக வரும் என்று நேசம் ஒருவருக்கும் விளக்கவில்லை. விளக்கினால் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். மீன் தண்ணீரைத் திரும்பி ஊற்றினவளுடைய வாசலுக்கே கூட்டித் தள்ளினாள்.

ஆனால் எல்லாரும் நின்றார்கள். பலகையை வைத வாயோடுதான் நின்றார்கள்.

பலகை கட்டின மறுநாள், வெள்ளிக்கிழமை காலை நேசம் பிறிஜெற்றின் கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்றாள். அண்ணன் குடையைக் கைத்தடியாய் ஊன்றிக்கொண்டு வந்தார். பலகை கண்ணில் பட்டது. பட்ட உடனே, வண்டு தட்டுகிற அதே வேகத்தில், தலை மற்றப் பக்கம் திரும்பியது. கடல் பக்கம் பார்த்தபடி, ஒரு துப்பலும் துப்பிவிட்டு, கோட்டைத் தாண்டி நடந்தார்.

"நவத்தன்ன!"

நடந்தார். துவக்கின் சடக்கென்ற சத்தம் கேட்டது. பிறிஜெற் இடியப்பத் தட்டோடு பாய்ந்து, தட்டை அவருடைய நெஞ்சில் இடித்து நிறுத்தினாள். இடியப்பம் இருபதும் றோட்டில்.

கோப்ரல் அவரை மணல் மூட்டையில் இருத்தி, கையால் பலகையைக் காட்டிக் காட்டி ஏசினான். சவுந்தரநாயகம் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் பிறிஜெற்றைப் பார்த்துச் சொன்னார்:

"அது அவளின்ட எழுத்து. அவள் நில் எண்டா நான் நிக்கிறதோ? பதினொரு வருசம் நிக்கேல்லை, இப்ப ஆமிக்காரனை வைச்சு என்னை நிப்பாட்டப் பாக்கிறாள்!"

கோப்ரல் அவரை விட்டுவிட்டான். ஆனால் அவர் போனதும் பிறிஜெற்றிடம் ஒரு செய்தி சொன்னான். தன்னுடைய கூட்டம் ஞாயிற்றுக்கிழமையோடு மாறுகிறது. திங்கள் காலை வருகிறவர்கள் வன்னியில் இருந்து நேரே வருகிறவர்கள். அவர்களுக்கு இந்தச் சீயாவைத் தெரியாது. தான் சொல்லி வைப்பான், ஆனால் ஆறு மணி இருட்டில் நிற்காமல் நடக்கிற ஆளைக் கண்டால், சொன்னது யாருக்கு நினைவு வரும்?

நேசம் அன்று அச்சகத்துக்குப் பிந்திப் போனாள். மேசையில் இருந்து ஒரு கோடும் போடவில்லை. சின்ன எழுத்தென்றால் அண்ணனுக்குத் தெரியாது. தடித்த எழுத்தென்றால் அவன் பார்க்க மாட்டான். பத்து வருடம் ஊரையே பார்க்கச் செய்த எழுத்து, பார்க்க வேண்டிய ஒரே ஆளைத் தலை திருப்பப் பழக்கி வைத்திருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு பேனாவை எடுத்தாள்.

பலீல் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மிஸ்... சொகமில்லையா?"

"ஏன்?"

"இது என்ன, ஆப்பம் மாதிரி உப்பி ஈக்கி? இந்த வாலு என்னத்துக்கு? நீங்க வாலு போட மாட்டீங்களே. போன மாசம் ஒரு மனுசன் வாலு கேட்டதுக்கு மைப் போத்தல தூக்கி எறிஞ்சீங்களே!"

"பாழாப்போன வாயை மூடிக்கொண்டு போங்கோ, முதலாளி."

தடிப்பு வேண்டும், தடிப்பு இல்லாவிட்டால் அவனுக்கு எட்டாது. ஆனால் தடிப்பில் தன்னுடைய முகம் இருக்கக் கூடாது. நேர் வெட்டு முனைகளை உருட்டினாள், ஒவ்வொன்றாக. நிமிர்ந்து நின்ற எழுத்தைச் சரித்தாள். ஒரே தடிப்பாய் இருந்த கோட்டுக்குக் கழுத்தும் இடுப்பும் வைத்தாள். சதுரப் புள்ளியை வட்டமாக்கினாள். அது போதாதென்று பூவாக்கினாள். லகரத்தின் தொங்கலில் ஒரு வாலை இழுத்து, அதைச் சுருட்டி, சுருட்டின இடத்தில் ஓர் இலையும் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஒரு தூஷணம் சொன்னாள். முன்பு சுழிக்குள் வெள்ளை விடத் தெரிந்த கைதான், இப்போதும் வெள்ளை விட்டது. அதை மட்டும் அவளால் பிழையாகச் செய்ய முடியவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் இலையும் பூவும் கலைந்துபோய் சொல் மட்டும் தெரியும். கறுப்பில் அடிக்கவில்லை. குங்குமச் சிவப்பு.

சனிக்கிழமை முழுக்கப் பலகையில் ஏற்றினாள். ஞாயிறு பின்னேரம் கோப்ரலிடம் கொடுத்தாள்.

"அக்கே, இது கல்யாண வீட்டுப் பலகையா?" என்றான் அவன்.

"பழசைக் கழற்று. இதைக் கட்டு. கேள்வி கேக்காதே."

திங்கள் காலை. பிறிஜெற்றின் கதவுக்குப் பின்னால் நேசம், அடுப்புப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. காவலரணில் புதிய முகங்கள் மூன்று. ஒருவன் சின்னப் பெடியன். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, விரலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பூசை மணி அடித்தது. லேனின் தொங்கலில் குடை ஊன்றுகிற சத்தம்.

சவுந்தரநாயகம் வந்தார். பெடியன் துவக்கைத் தூக்கினான். பிறிஜெற் ஓடக் காலெடுத்தாள். நேசம் அவளுடைய சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஓடினால் சுடுவான் என்று பயந்தாளா, எழுத்து வேலை செய்யுமா என்று பார்க்க நினைத்தாளா.

அண்ணனின் தலை பலகைப் பக்கம் போனது. திரும்பவில்லை. அங்கேயே நின்றது. கால்கள் இன்னும் இரண்டு அடி வைத்தன. பிறகு அவையும் நின்றன, கோட்டுக்கு ஒரு சாண் இப்பால்.

பெடியன் கத்தினான். அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், போட்டார், மறுபடி வாசித்தார். பிறகு, சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையைத் தானே எடுத்து நீட்டினார். பெடியன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், துவக்கைத் தாழ்த்தினான்.

நேசத்தின் கை பிறிஜெற்றின் சட்டையை விட்டது. சட்டை தோளடியில் கிழிந்து போயிருந்தது.

அண்ணன் உடனே போயிருக்கலாம். போகவில்லை. இடியப்பக் கடைப் பக்கம் வந்து, செவிடர்கள் இரகசியம் சொல்லுகிற அந்தப் பெருங்குரலில் தொடங்கினார்.

"பிறிஜெற்! பலகையைப் பாத்தனியோ? அதுதான் எழுத்து! பாரன், என்ன லட்சணம். மரியாதையாய்க் கேக்கிற மாதிரி இருக்கு. அப்பிடிக் கேட்டா ஆர்தான் நிக்க மாட்டான்?"

பிறிஜெற் கதவுப் பக்கம் கடைக்கண்ணால் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நேசம் ஒரு விரலை உதட்டில் வைத்து, மற்றக் கையால் கழுத்தை வெட்டுவது போலக் காட்டினாள்.

"ஆர் எழுதினது?" அண்ணன் விடவில்லை.

பிறிஜெற் கையை ஆட்டி, புறக்கோட்டைப் பக்கம் காட்டி, தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"அதுதானே. தொழில் தெரிஞ்ச ஆம்பிளை ஒருத்தன். எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கே, கரிக்கட்டை. இவனிட்டப் போய் ஒரு மாசம் படிக்கச் சொல்லு. ஒரு மாசம் காணாது, ஒரு வருசம்!"

சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை பலகையைத் திரும்பிப் பார்த்து ரசித்துவிட்டு, பூசைக்குப் பிந்திப் போனார்.

நேசம் வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது, அடுப்பா, வேறொன்றா தெரியாது. சந்தியில் நின்று, தான் வாழ்நாளில் கீறின ஆகக் கேவலமான எழுத்தைப் பார்த்தாள். இலை. பூ. வால். அவளுடைய கைக்கு அது செய்த அவமானத்தை அவள்தான் அறிவாள். ஊரில் வேறு ஒருவருக்கும் அது விளங்காது, சொன்னாலும் விளங்காது.

"விசர் மனுசன்" என்றாள். "கண்ணும் அவிஞ்சுபோச்சு."

பிறிஜெற் கிழிந்த தோளைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிய முன்னமே அவளுக்குக் கண் கலங்கியது.

"நேசமக்கா, பொறுக்கேலாமல் கிடக்கு. இண்டைக்கு அவர் பூசையால வரேக்கை நான் எழுதிக் காட்டட்டோ? அது உங்கட எழுத்துத்தான் எண்டு? பதினொரு வருசம் அக்கா."

நேசம் பலகைப் பக்கம் திரும்பினாள். சந்தியில் யாரோ ஒரு துறைமுகத்துத் தொழிலாளி வந்து, பலகையைப் பார்த்து, நின்று, அட்டையை எடுத்தான்.

"சொன்னா நாளைக்கு நிக்க மாட்டான்" என்றாள். "நீ வாயை மூடிக்கொண்டு இடியப்பத்தைப் பார்."